சின்னச் சபையில் ஞாயிறு பாடசாலை தொடங்கப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் சபையில் 22 குடும்பங்கள். வலிகாமம் பக்கம், ஓட்டுக் கூரை, ஒரு விறாந்தை, ஒரு மாமரம். முதல் தடவை ஞாயிறு பாடசாலை தொடங்கியபோது தையில் 31 பிள்ளைகள் வந்தார்கள், ஆடியில் ஆறு பேர், புரட்டாதியில் நாங்களே நிறுத்திவிட்டோம். வெளியிலிருந்து வந்த ஒரு குழு பாட்டு, பொம்மலாட்டம், பரிசுப்பொதி என்று பெரிதாகத் தொடக்கிக் கொடுத்துவிட்டுப் போக, அதை அப்படியே வாராவாரம் இழுத்துக்கொண்டு போக எங்களிடம் ஆளும் இல்லை காசும் இல்லை. இரண்டாம் தடவை 14 பிள்ளைகளோடு சத்தமில்லாமல் தொடங்கினோம், இப்போது ஐந்தாவது வருடம் நடக்கிறது. இடையில் எங்கெங்கே சறுக்கினோம், என்ன கடதாசிக்கு அலைந்தோம், எவ்வளவு செலவானது என்று கேட்டு அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்து அடிக்கடி தொலைபேசி வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

1. பாடப் புத்தகத்துக்கு முதல் ஆளைத் தேடுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "என்ன புத்தகம் படிப்பிக்கிறீங்கள்?" என்றுதான். அது பிறகு. மூன்று வருடம் இந்த ஊரிலேயே இருக்கக்கூடிய இரண்டு பெரியவர்கள் கிடைப்பார்களா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் தொடங்க வேண்டாம், கிடைக்கும்வரை பொறுங்கள்.

நாங்கள் விட்ட பிழை, பாட்டுப் பாடுவார்கள், சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்ற மூன்று இளம்பிள்ளைகளை ஆசிரியர்களாகப் போட்டது. ஒருத்தி பல்கலைக்கழகம் கிடைத்துப் பேராதனைக்குப் போனாள், ஒருவன் கொழும்பில் வேலைக்குப் போனான், மற்றவனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாழ்ப்பாணத்தில் 20 வயதுப் பிள்ளை எத்தனை நாள் நிற்கும்? ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது. அதற்கு விளங்கியது, என் பெயரைக் கூப்பிட்ட அண்ணா போய்விட்டார் என்பதுதான். அடுத்த வாரமே நாலு பேர் வரவில்லை.

இப்போது எங்கள் முதன்மை ஆசிரியை ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ரீச்சர், வயது 64, முழங்கால் வருத்தம், பாட்டுக்குக் குரல் எடுபடாது. பிள்ளைகள் அவவைத்தான் தேடுகிறார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் முந்தி பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்கிறார் (2 தீமோத்தேயு 1:5). உங்கள் சபையில் லோவிசாள் ஒருத்தி கட்டாயம் இருப்பா, பின் வாங்கில் இருக்கிறா, யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறா. இளம் ஆட்களை உதவிக்குப் போடுங்கள், அவர்கள் போனாலும் வகுப்பு நிற்காத மாதிரி.

2. சபைக்குள் எடுக்க வேண்டிய கடதாசிகள்

போதகர் "சரி, செய்யுங்கோ" என்று வாயால் சொன்னது போதாது. போதகர் மாறுவார், அடுத்தவர் "இதை யார் தொடங்கச் சொன்னது?" என்று கேட்பார். எங்களிடம் கேட்டார்கள். ஆகவே:

சபை நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் எடுத்து, அது கூட்ட அறிக்கையில் பதியப்பட்டு, அதன் பிரதி உங்கள் கோவையில் இருக்கட்டும். அதில் மூன்று விடயம் வேண்டும்: யார் பொறுப்பு, எந்த நேரம் எந்த இடம், சபைக் கணக்கிலிருந்து மாதம் எவ்வளவு.

படிப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டைப் பிரதி ஒன்றும், கிராம அலுவலரின் நற்சான்றிதழ் ஒன்றும் வாங்குங்கள். சொந்தச் சபை ஆட்களிடம் இதைக் கேட்க வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது. போதகர் தன்னுடையதை முதலில் கொண்டுவந்து மேசையில் வைத்தார், அதற்குப் பிறகு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கிராம அலுவலர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், மக்கள் சந்திப்பு நாளைக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு வேலை, கேட்காமல் போனால் மூன்று நாள் அலைச்சல்.

கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களம் ஞாயிறு பாடசாலைகளைப் பதிவுசெய்கிறது. உங்கள் சபை ஒரு பெரிய திருச்சபையின் கிளை என்றால் அந்த மேலிடம் வழியாகவே விசாரியுங்கள். தனிச் சபை என்றால் உங்கள் சபையின் சொந்தப் பதிவுக் கடதாசிகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். பதிவுக்காக வகுப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேறு ஊரில் ஒரு வீட்டில் கிளை வகுப்புத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி பற்றிய 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வீட்டு வகுப்பைக்கூட நிறுத்தச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வருடம் உங்கள் ஆலய வளவுக்குள்ளேயே நடத்துவது புத்தி.

3. பெற்றோர் கையொப்பம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் சேர்க்காதீர்கள்

ஒரு பக்கப் படிவம் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர், இரண்டு தொலைபேசி இலக்கம், என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, இழுப்பு மாதிரி வருத்தம் ஏதும் உண்டா, வகுப்பு முடிய யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், படம் எடுத்துப் போடச் சம்மதமா இல்லையா. கடைசிக் கேள்வியைத் தனியாக, ஆம் இல்லை என்று கோடு போட்டுக் கேளுங்கள். எங்கள் சபைப் பையன் ஒருவன் பிள்ளைகளின் படத்தைப் பேஸ்புக்கில் போட, அது தகப்பனிடமிருந்து பிரிந்து வாழ்ந்த ஒரு தாயின் வீட்டுக்குப் பெரிய பிரச்சினையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து முகம் தெரிகிற படம் எங்கும் போடுவதில்லை.

அடுத்தது, சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் சிநேகிதியோடு பாட்டுக் கேட்டு உள்ளே வந்துவிடும், அதுவும் ஒளிவிழா (கிறிஸ்மஸ் கலைவிழா) நெருங்கினால் நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். துரத்த மனம் வராது, துரத்தவும் வேண்டாம். ஆனால் அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய், "உங்கட பிள்ளை எங்கட வகுப்புக்கு வந்தவ, உங்களுக்குச் சம்மதமோ?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். என்ன பாடம், என்ன பாட்டு என்று மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணிசும் பரிசும் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு தடவை பெயர் கெட்டால் உங்கள் சபைப் பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்தில் அதைச் சுமக்க வேண்டிவரும். நான் கேட்டுப் போன மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் சம்மதித்தார்கள், மூன்றாவது வீட்டு அம்மா தேத்தண்ணி தந்து "குறை நினைக்காதேங்கோ" என்றா. இன்றைக்கும் சந்தையில் கண்டால் கதைப்பா.

4. நேரம், அதாவது ரியூசனோடு மல்லுக்கட்டுவது

ஞாயிறு காலை ரியூசன் வேண்டாம் என்று கூட்டங்களில் பேசுவார்கள், பிறகு பார்த்தால் நடந்துகொண்டுதான் இருக்கும். அதோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது. நாங்கள் செய்தது, ஒரு சனிக்கிழமை இருந்து 14 பிள்ளைகளின் ரியூசன் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தது. எல்லோருக்கும் பொதுவாக வந்த இடைவெளி ஆராதனைக்கு முந்திய 45 நிமிடம். ஆராதனை 8.30க்கு, வகுப்பு 7.40க்கு. விடிய எழும்ப வேண்டுமே என்று தாய்மார் புறுபுறுத்தார்கள், இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் காண முடியாது. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, "பரீட்சை முடிய அடுத்த ஞாயிறு வா, உன் இடம் இருக்கு" என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். வராததற்குப் பேசினால் பரீட்சைக்குப் பிறகும் வெட்கத்தில் வராது. தொடங்குவதற்கு நல்ல நேரம் முதலாம் தவணை தொடங்கி இரண்டு வாரம் கழித்து. ஐப்பசி கார்த்திகையில் தொடங்காதீர்கள், மழைக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள், நீங்கள் மனம் உடைந்து போவீர்கள்.

5. பாதுகாப்பு

பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்கள் ஒரே வீட்டு ஆட்களாக இல்லாமல் இருப்பது நல்லது. ஒருவர் வராவிட்டால் வகுப்பை விறாந்தைக்கு மாற்றுங்கள், எல்லோர் கண்ணும் படுகிற இடம். மலசலகூடத்துக்குச் சின்னப் பிள்ளை போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும், உள்ளே அல்ல. ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில். பிரம்பு, காதைத் திருகுவது, முழங்காலில் நிறுத்துவது ஒன்றும் வேண்டாம். "நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தனாங்கள்" என்று ஒரு மூப்பர் சொல்வார். மரியாதையாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடக்கும் கெட்டதைச் சொன்னால் அதைச் சபைக்குள் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். சபைக்குள் உள்ள ஆள் மேல் சொன்னாலும் அப்படித்தான், அப்போதுதான் இன்னும் அப்படித்தான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, எந்த நேரமும் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவர் பெயரையும் இலக்கத்தையும் தொடங்குவதற்கு முன்னமே போய் வாங்கி வையுங்கள். 1929 எங்கள் கரும்பலகைக்கு மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று.

6. செலவு

தொடக்கத்தில் எங்களுக்கு ஆனது 9,400 ரூபாய். கொப்பிகள், கலர் பென்சில், பிறிஸ்டல் போர்ட், டிமை பேப்பர், மாக்கர், வரவுப் பதிவேடு, ஒரு பூட்டுப் போடக்கூடிய பெட்டி. மாதச் செலவு 3,800 அளவில் நிற்கிறது: தேநீரும் மாரி பிஸ்கட்டும் 2,000, போட்டோக்கொப்பி 600, ரீச்சரின் ஓட்டோவுக்கு 1,000, தொலைபேசி மீள்நிரப்பு 200. வருடத்துக்கு 45,600. விலைவாசி ஏற இதுவும் ஏறும், உங்கள் கடையில் விலை கேட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

பொறி எங்கே இருக்கிறதென்றால் சாப்பாட்டில். முதல் தடவை வாராவாரம் மாலு பணிஸ் (மீன் வைத்த பணிஸ்) கொடுத்தோம், பெரியவர்களோடு சேர்த்து 16 பேர் என்று வைத்தாலும் பணிஸ் 100 ரூபாய்ப்படி மாதம் 6,400 அதற்கே போகும். நிறுத்தியபோது "அக்கா, இண்டைக்குப் பணிஸ் இல்லையோ?" என்று கேட்ட முகங்கள் இன்னும் ஞாபகம். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பணிஸ், அதையும் ஒரு குடும்பம் முறைவைத்துக் கொடுக்கிறது. கொடுக்கத் தொடங்குவதற்கு முன் யோசியுங்கள், நிறுத்துவது கஷ்டம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் காசு வந்தால் வாங்குங்கள், ஆனால் அதை மாதச் செலவுக்கு எடுக்காதீர்கள். ஒருமுறை வாங்கும் வேதாகமம், மேசை, மின்விசிறி மாதிரி விடயங்களுக்கு வையுங்கள். மாதச் செலவு உள்ளூர்க் காணிக்கையில் ஓடாவிட்டால் அந்த வகுப்பு உங்கள் அளவுக்குப் பெரிது, குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு.

7. என்ன படிப்பிப்பது

ஒரு சுவிசேஷத்தை எடுத்து முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை போங்கள். நாங்கள் எடுத்தது மாற்கு, 16 அதிகாரம், நாலில் சின்னது, ஒரு வருடத்துக்குள் ஆறுதலாக முடிகிறது. வாரம் ஒரு துண்டுக் கதை என்று தாவித் தாவிச் சொன்னால் பிள்ளைக்கு நோவா, யோனா, தாவீது எல்லாம் தனித்தனிக் கதைகளாக நிற்கும், இயேசு யார் என்று கேட்டால் முழிக்கும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் பிள்ளைகளுக்குக் கடினம் என்பார்கள். பாதி உண்மை. ஆயக்காரன், சீஷன், பரிசேயன் எல்லாம் விளக்க வேண்டும். ஆனால் புயல் கதையில் (மாற்கு 4) இயேசு "நித்திரையாயிருந்தார்" என்று வரும், கொழும்புப் பிள்ளைக்கு எப்படியோ தெரியாது, எங்கள் பிள்ளைகளுக்கு அது வீட்டுச் சொல். அதே வசனத்தில் "பின்னணியத்தில்" என்று வந்தபோது நான் தடுமாறினேன். மயிலிட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன், தகப்பன் தொழிலுக்குப் போகிறவர், எழும்பிப் படகு கீறி எது அணியம் (முன்பக்கம்), எது பின்னணியம் (பின்பக்கம்), காற்று எந்தப் பக்கம் அடித்தால் தண்ணி எப்படி உள்ளே வரும் என்று கரும்பலகையில் காட்டினான். அன்றைய பாடத்தை அவன்தான் எடுத்தான். பிறகு ஒரு ஞாயிறுகூட அவன் பிந்தி வரவில்லை.

மனன வசனத்துக்குப் பரிசு வைக்காதீர்கள். கெட்டிக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் வெல்வாள், மற்றவர்கள் தங்களுக்கு இது சரிவராது என்று முடிவெடுத்துவிடுவார்கள். நாங்கள் 23ஆம் சங்கீதத்தை மூன்று மாதம் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லிப் பழகினோம், தானாகவே பாடமாகிவிட்டது.

8. பிள்ளைகளை ஆராதனையிலிருந்து வெளியே அனுப்பாதீர்கள்

வகுப்பை ஆராதனை நேரத்திலேயே வைத்தால் பெரியவர்களுக்கு நிம்மதி, சத்தமில்லை. முதல் தடவை நாங்களும் அப்படித்தான் வைத்தோம். அதன் விளைவு, 13 வயதில் வகுப்பை முடித்த பிள்ளை ஆராதனைக்குள் வந்து இருந்தால் ஒன்றும் பழக்கமில்லை, பாட்டு தெரியாது, ஆட்களைத் தெரியாது, யாருடைய பக்கத்தில் இருப்பது என்றுகூடத் தெரியாது. வகுப்பு அதற்குப் பழக்கப்பட்டிருந்தது, சபை பழக்கப்படவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டது.

சின்னச் சபைக்கு உள்ள ஒரே பெரிய வசதி எல்லோரும் எல்லோரையும் அறிவதுதான், அதை வீணாக்காதீர்கள். காணிக்கைப் பை எடுப்பது, வேதபாடம் வாசிப்பது, வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது, குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்டித் தருவது என்று பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் ஏதாவது வேலை இருக்கட்டும். 10 வயதுப் பிள்ளை வாசிக்கும்போது தடக்கும். தடக்கட்டும். பிரசங்கத்தை 20 நிமிடத்துக்குள் முடிக்கும்படி போதகரிடம் கேட்கத் தைரியம் இருந்தால் கேளுங்கள், எனக்கு மூன்றாம் வருடம்தான் வந்தது.

இன்னொன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் அவர்கள் குடும்பம் அல்லாத ஒரு பெரியவரைப் பொறுப்பாக்கினோம். பெரிய வேலை ஒன்றும் இல்லை: பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பிறந்தநாள் தெரிந்திருக்க வேண்டும், ஒரு வாரம் வராவிட்டால் "எங்க காணேல்லை?" என்று கேட்க வேண்டும்.

9. வீடு

வாரத்தில் 45 நிமிடம் எங்களுக்கு, மிச்சம் எல்லாம் வீட்டுக்கு. கடவுளின் வார்த்தையைப் பிள்ளையோடு பேசுவது வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் என்று உபாகமம் 6:7 சொல்கிறது, ஞாயிறு பாடசாலையில் என்று சொல்லவில்லை. பெற்றோருக்குக் கூட்டம் வைத்தால் வரமாட்டார்கள். நாங்கள் செய்வது ஒரு சின்னத் துண்டு: அன்று வாசித்த வசனமும் ஒரே ஒரு கேள்வியும், கொப்பியில் ஒட்டிவிடுவோம். இரவு கரண்டியும் கோப்பையும் கழுவும் நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் கேட்கிறார்களா என்றால் இல்லை, ஐந்து வீட்டில் கேட்கிறார்கள். தகப்பன் சபைக்கு வராத வீடுகளில் பாட்டியிடம் துண்டைக் கொடுங்கள்.

10. தரம் 9க்குப் பிறகு

எல்லோரும் பிள்ளைகளை இழக்கும் இடம் இதுதான். ஒரு பக்கம் சாதாரண தரப் பரீட்சை, மறுபக்கம் கேள்விகள். அவர்களுக்கு ஞாயிறு காலை வகுப்பு வேண்டாம், மாதத்தில் இரண்டு சனி பின்னேரம் ஒரு வீட்டில் கூடுகிறோம், தேத்தண்ணியோடு.

ஒரு பெட்டை ஒருநாள் கேட்டாள், "மாமா செபம் செய்துகொண்டுதான் பங்கருக்குள்ள இருந்தவராம். ஏன் செத்தவர்?" அந்த அறையில் யாரும் அசையவில்லை. யுத்தத்துக்குப் பிறகு எங்கள் வீடுகளில் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. இதற்கு ஒரு அழகான பதில் தயாராக வைத்திருக்கும் ஆசிரியரை நம்பாதீர்கள். நான் தெரியாது என்று சொன்னேன், பிறகு 13ஆம் சங்கீதத்தை வாசித்தோம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". இப்படிக் கடவுளிடம் கேட்கலாம் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. இன்றைக்கும் வருகிறாள், இன்றைக்கும் கேட்கிறாள். கேள்விக்கு வாயை மூடச் சொன்ன பிள்ளைகள்தான் திரும்பி வரவில்லை.

இதே வயதில் இன்னொரு வேலை: பள்ளிக்கூடத்தில் எந்தச் சமய பாடம் என்று பாருங்கள். கிறிஸ்தவமும் கத்தோலிக்கமும் பரீட்சையில் வேறு வேறு பாடங்கள். கிறிஸ்தவ ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை சும்மா இருந்துவிட்டு வரும், அல்லது வேறு பாடத்துக்குள் போடப்பட்டிருக்கும். சாதாரண தரத்துக்கு விண்ணப்பம் நிரப்பும்போது சமய பாடம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் கண்ணால் பார்க்க வேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் கிறிஸ்தவப் பாடநூல் தமிழில் இருக்கிறது. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு அதை நாங்கள் வாரம் ஒரு மணித்தியாலம் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கு உதவுகிறது என்றதும் ரியூசனுக்குப் பயந்த பெற்றோரே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

11. ஒளிவிழா

கார்த்திகை முழுவதும் நாடகப் பயிற்சியில் போய்விடும், பாடம் நின்றுவிடும். நாலு வாரத்துக்கு மேல் பயிற்சி இல்லை என்று முதலே முடிவெடுங்கள். உடுப்பு வாடகைக்கு எடுக்காதீர்கள், வேட்டியும் சேலையும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

12. ஆளும் பிள்ளையும் மாறும்போது

ஒரு பெரிய கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம். எப்போது சேர்ந்தது, என்ன பிடிக்கும், வீட்டில் என்ன கஷ்டம் என்று மற்றவர் வாசித்தாலும் பாதகமில்லாத அளவுக்கு எழுதுங்கள். ஆசிரியர் மாறினால் இரண்டு மாதம் பழையவரும் புதியவரும் சேர்ந்து நிற்க வேண்டும், கொப்பி கைமாற வேண்டும். குடும்பம் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனால் அங்கே அவர்கள் போகக்கூடிய தமிழ்ச் சபையைத் தேடி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், பிள்ளையின் பெயரும் வயதும் மாற்குவில் எந்த அதிகாரம்வரை முடித்தது என்றும் போட்டு. போன வருடம் இரண்டு எழுதினோம், ஒன்றுக்குப் பதில் வந்தது.

அந்தக் கொப்பியையும் வரவுப் பதிவேட்டையும் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பெட்டியில் வையுங்கள். எங்களுடைய முதல் இரண்டு வருடப் பதிவேடு கார்த்திகை மழைக்கு ஓட்டு ஒழுக்கில் ஊறிப்போய், பெயர்கள் நீலமாகக் கரைந்து, யார் எந்த வாரம் வந்தது என்று ரீச்சரின் ஞாபகத்திலிருந்துதான் திரும்ப எழுதினோம்.